குறுக்கு வரிகள்

என் மாணவி சிவகௌரியின் உழைப்பை நான் திருடினேன். அமெரிக்காவின் ஆரம்பகால அரசியல்வாதி ஒருவருக்கு அவருடைய மனைவி எழுதிய பழைய கடிதங்கள் எங்களிடம் இருந்தன. தாளை மிச்சம்பிடிக்க, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தார். அவற்றை வாசித்துத் தமிழாக்கியவள் கௌரி. புத்தகத்தில் வந்தது என் பெயர்.

பல ஆண்டுகள் கழித்து இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் நோபல் பார்க் ரயில் மேடையில் புதிய பதிப்பை அவளிடம் நீட்டுகிறேன். அட்டையில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது.

“என்ன சேர், உங்கடை பேரைக் காணேல்லை?”

“நான் அச்சுக்குக் குடுத்தனான், அவ்வளவுதான் பிள்ளை.”

அவள் வாங்கில் அமர்ந்து, பேனா எடுத்து ஒரு வரியை வெட்டுகிறாள். “இதைப் பிழையா வாசிச்சனான். அப்ப என்ரை பேர் இல்லைத்தானே எண்டு விட்டிட்டன். இனி விடேலாது.”

அவள் போகவேண்டிய ரயில் வந்து போகிறது. அவளுடைய நரைத்த தலை புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. நான் பெருமையோடு அவள் பையைப் பிடித்தபடி நிற்கிறேன்.