இருபத்து மூன்றாவது நகல்

கணினி விழித்ததும் எந்தச் சேவையைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும் நிரலில் அவளுக்கு வேலை. சேவைகளின் அமைப்புகளை மாற்றும் வரிகள் இருபத்து மூன்று இடங்களில், யார் யாரோ நகலெடுத்து ஒட்டியபடி கிடந்தன. அவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"ஓடுறதை ஏம்மா நோண்டுற? ஒண்ணு பிசகினாலும் மொத்தத்தையும் தூக்கிக் கடாசிடுவேன்," என்றார் குழுத்தலைவர்.

இருபத்து மூன்றையும் தாளில் அச்செடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டாள். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. மதிப்பு காலியாக வந்தால் மற்றவை மறுத்துவிடும். இதுவோ அந்தச் சேவைக்கு முன்பு கொடுத்திருந்த அனுமதிகளின் பட்டியலையே துடைத்துவிடும்.

"எவனோ தூக்கக் கலக்கத்துல ஒட்டியிருப்பான். அதையும் சேத்துடு," என்றார்.

வீட்டில் முதல் பட்டதாரியான அவள் வழக்கமாகத் தன்னைத்தான் முதலில் சந்தேகிப்பாள். இம்முறை அவர் சொன்னபடி அதையும் சேர்த்துப் பார்த்து, ஒரு சோதனை எழுதி ஓட்டினாள். காலி மதிப்பு மறுக்கப்பட்டதால், ஒரு சேவைக்குக் கொடுத்த அனுமதிகளைத் திரும்பப் பெறவே வழியில்லாமல் போனது.

"சார், இது தெரிஞ்சே எழுதினது. இருபத்திரண்டைத்தான் சேக்கறேன். இது தனியா இருக்கட்டும்."

அவர் திரையை இரண்டு முறை படித்தார். "தூக்கத்துல இருந்தது நான்தான் போல. ஏத்திடு."

அன்றிரவு, சலவைக்கூடத்தில் வேலை முடித்துவந்து சாப்பிட உட்கார்ந்த அம்மா கேட்டாள்: "இத்தனை நாள் மல்லுக்கட்டுனியே, இப்ப என்னடி மாறிச்சு?"

"வெளிய பாத்தா ஒண்ணுமே மாறலைம்மா."

"அதுக்கா சம்பளம்?"

"அதுக்குத்தான்," என்றாள் அவள், அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டே.