பன்னிரண்டாவது ஆள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேத்தி டிவியில் பேய்ப்படம் போட்டாள். அலறலும் இல்லை, ரத்தமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் ஒருத்தி சும்மா நின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சின்ன வயது ஞாபகம் வந்துவிட்டது.

மரக்காணத்தில் உப்பளத்தின் ஓரமாக எங்கள் வீடு இருந்தது. உப்புப் பாத்தியைப் பங்கு பிரித்ததில் அப்பாவோடு சண்டை போட்ட சித்தப்பா, "உன்ன நிம்மதியா இருக்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து தினமும் எதிர்வரப்பில் நின்று எங்கள் வாசலையே பார்த்தார். கிட்டே வரவில்லை, பேசவில்லை. உப்பு வெயிலில் கண் கூசும். அவர் இமைத்து நான் பார்த்ததில்லை.

"நிக்கட்டும் விடு. காலு வலிச்சா தானா போயிடுவான்" என்பார் அப்பா.

அளத்தில் வேலை செய்தவர்கள் பதினொரு பேர். எழுந்ததும் வரப்பில் தெரியும் தலைகளை எண்ணுவேன். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு வரும்.

ஒரு காலையில் பதினொன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், அதே பதினொன்று. சந்தோஷமாக அம்மாவிடம் ஓடினேன்.

"மா, சித்தப்பா அங்க இல்ல."

அம்மா சட்டென்று திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். "அப்ப எங்கடா இருக்கான்?"

பின்கதவைத் தாழிட்டாள். அவர் அதன்பிறகு வரவே இல்லை. அம்மா சாகும்வரை பட்டப்பகலிலும் அந்தக் கதவைத் திறந்துவைக்கவில்லை. ஒரு கல்லை விட்டெறிந்திருந்தால்கூட அந்த ஆளை மன்னித்திருப்பேன்.

"தாத்தா, அது போயிடுச்சு. இனிமே பயமில்ல" என்றாள் பேத்தி. திரையில் ஜன்னல் காலியாக இருந்தது.

நான் எழுந்துபோய்ப் பின்கதவைத் தாழிட்டேன்.