சேவியரின் கட்டைவிரல்

போன ஞாயிற்றுக்கிழமை திருவானைக்காவல் ஜிம்மில் பெரியவள் பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அப்பா, பின்னாடி நின்னு சப்போர்ட் குடுங்க" என்றாள். ராடில் கை வைத்ததும் இரும்பும் வியர்வையும் கலந்த பழைய வாசனை ஏறி வந்தது. ராடை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தூக்கப்போறது நான்தாம்ப்பா" என்று சிரித்தாள். ஏன் விடவில்லை என்று மகள்கள் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியாக வேண்டும்.

வாலிப வயதில் பொன்மலையில் நாங்கள் போன ஜிம் ஒரு தகரக் கொட்டகை. எடைப் பிளேட்டுகள் ராடிலிருந்து நழுவாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுவோம். சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று. முட்டையாகத் தின்று எனக்குக் கொஞ்சம் புஜம் வந்திருந்த நேரம் அது. என்னைப் பார்க்க எனக்கே அலுக்காது.

சேவியர் என் கூட்டாளி. படுத்தால் பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கும். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து பெஞ்சில் அழுத்திக்கொள்வான். கட்டைவிரல் ராடைச் சுற்றி வளைத்திருக்கும். நெஞ்சு வரை மெதுவாக இறக்கி, துள்ளவிடாமல் ஏற்றுவான். நானோ நெஞ்சில் மோதவிட்டு, இடுப்பைத் தூக்கி ஏற்றுகிறவன். "மாப்ள, நீ இடுப்புக்குல்ல எக்ஸர்சைஸ் பண்ற" என்பான்.

ரயில்வே வேலைக்கான உடல்தகுதித் தேர்வு அவனுக்குப் பத்து நாளில் இருந்தது. அன்று, அவன் தடுமாறினால் ராடைப் பிடிக்க, சப்போர்ட்டுக்கு நான் நின்றேன். எட்டாவது தடவை அவன் ஏற்றும்போது நான் கண்ணாடியில் என் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுடா" என்றான். நான் திரும்புவதற்குள் ராடு அவன் நெஞ்சில் கிடந்தது. டியூப் கட்டியிருந்ததால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிடவும் அவனால் முடியவில்லை.

இரண்டு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். "என்னடா ஆச்சு?"

"கட்டைவிரல் வழுக்கிடுச்சுண்ணே" என்றான் சேவியர். என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

விலா எலும்பில் விரிசல். தேர்வுக்குப் போக முடியவில்லை. அடுத்த முறை ஆள் எடுத்தபோது அவனுக்கு வயது கடந்துவிட்டது. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. கொட்டகைக்குப் புதிதாக யார் வந்தாலும், "சேவியர் மாதிரி கட்டைவிரல விட்டுடாதீங்க" என்று சொல்வது வழக்கமாகிப் போனது. சுத்தமாகத் தூக்கியவன், தப்பாகத் தூக்குவதற்கு உதாரணமானான். நானும் நாலைந்து பேருக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவை சேவியரே பக்கத்தில் நின்று பிளேட் மாட்டிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே டியூபை இறுக்கிக் கட்டினான்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. சேவியர் போன வருடம் தவறிவிட்டதாகக் காட்டூர் கடையில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நாலைந்து பேரும் எந்த ஊரில், யாருக்கு, அவன் பெயரைச் சொல்லி எச்சரித்துக்கொண்டிருக்கிறார்களோ. தேடிப்போய்த் திருத்தலாம் என்றால், ஒருவர் முகமும் எனக்கு ஞாபகமில்லை.