வேதாசலம் வீட்டு நாலாவது கேமரா

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களைக் கெஞ்ச எனக்கு நேரமில்லை. நான் பி.எஸ்சி. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் தெருவின் முதல் டிகிரி என்னுடையது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரித்துவிடுவேன். அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை என்று எந்தக் கண்றாவியும் இதில் கிடையாது. நடந்தது பட்டப்பகலில். 2009, மே 14, வியாழக்கிழமை. மதியம் 2.10-க்கு ஆரம்பித்து 4.19-க்கு முடிந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், அன்று என் வேலையே கடிகாரத்தைப் பார்ப்பதுதான்.

காஞ்சிபுரத்தில் பஞ்சாட்சரம் என்பவரின் கடையில் எட்டு மாதமாக வேலை பார்த்தேன். வீடுகளுக்குக் கண்காணிப்பு கேமரா மாட்டுவது, பழுது பார்ப்பது. சேர்ந்த அன்றே என் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். "பாதியில ஓடிப்போயிடுவீங்கம்மா, அதான்." எனக்கோ 15-ஆம் தேதி காலை பத்து மணிக்குச் சென்னையில் அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

கேட்டேன். சர்வீஸ் புத்தகத்தை என் முன்னால் தூக்கிப் போட்டார்.

"காவாந்தண்டலம் வேதாசலம் வூட்டு கம்ப்ளெய்ன்ட் மூணு மாசமா முடியாம கீது. முடிச்சிட்டு கஸ்டமர் கையெழுத்து வாங்கியா. ஏழு மணிக்குள்ள வந்தா சர்டிபிகேட் உன் கையில."

"மூணு மாசமா யாருமே போகலையா சார்?"

"மூணு பேரு போனானுங்க."

அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேதாசலத்துக்கு அறுபது வயதிருக்கும். ரைஸ் மில், நாற்பது ஏக்கர், கஞ்சி போட்ட வேட்டி. கேட்டில் நிற்க வைத்தே விசாரணை.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

"சோபியா. உத்திரமேரூர் பக்கம்." ஊர்ப் பேரையும் சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

"காலனி."

"பின்பக்கமா சுத்திக்கினு வா."

அவர் வீட்டு கம்ப்யூட்டரை நான் தொடலாம். அவர் தலைக்கு மேல் ஓடும் ஒயரைத் தொடலாம். வாசற்படியை மட்டும் மிதிக்கக் கூடாது. என்ன அறிவு! சர்டிபிகேட்டை நினைத்துக்கொண்டு சுற்றிப் போனேன்.

பின்பக்கத்தில் ஒரு கிணறு. அதன்மேல் இரும்பு வலை. வலைக்கு ஒரு பூட்டு. எதிர்ச் சுவரில் நாலாவது கேமரா, தோட்டத்தைப் பார்க்காமல், மாட்டுக் கொட்டகையைப் பார்க்காமல், கிணற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்கட்டு அறையில் கம்ப்யூட்டர். திரை நான்கு கட்டமாகப் பிரிந்திருந்தது. வேதாசலம் வாசலோடு நின்றுகொண்டார்.

"லைவ்னு சொல்லித்தான் வித்தானுங்க. கேட்டாண்ட வந்தவன் உள்ள வந்து குந்தி மோர் குடிச்சப்புறம்தான் இதுல கேட்டாண்ட வரான். நாலும் ஒழுங்கா ஓடணும். ஒண்ணு ஓடலன்னாலும் கையெழுத்து கெடையாது."

போய் ஹாலில் சாய்ந்துகொண்டார்.

வீட்டு வேலை செய்யும் தேவியக்காவைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு கேமராவுக்கு முன்னாலும் நின்று "இப்போ" என்று கத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். சத்தத்துக்கும் படத்துக்கும் நடுவில் எத்தனை நொடி என்று நான் கடிகாரத்தில் பார்ப்பேன். முதல் மூன்றிலும் ஒன்பது நொடி.

காரணம் கண்டுபிடிக்க மேதை வேண்டியதில்லை. படங்களைப் பெரிய அளவில், நொடிக்கு இருபத்தைந்து வீதம் அனுப்பும்படி வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரோ பேரப்பிள்ளையின் கார் ரேஸுக்கே மூச்சு வாங்குவது. அளவைக் குறைத்தேன். இருபத்தைந்தைப் பன்னிரண்டாக்கினேன். வேண்டாத புரோகிராம்களை எடுத்துப் போட்டேன். 3.05-க்கு முதல் மூன்று கேமராவும் ஒரு நொடிக்குள் வந்துவிட்டன. இதற்கு மூன்று மாதம், மூன்று ஆம்பளைகள்!

இனி நாலாவது மட்டும்தான் பாக்கி.

"தேவியக்கா, கெணத்தாண்ட போய் நில்லுங்க."

"அங்க நா போவ மாட்டேன்."

"கை தூக்கறதுக்கு இன்னா பயம்?"

"நா தூக்கறது இல்லம்மா பயம்..." என்று ஆரம்பித்தவள், ஹால் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். படித்தவள் இல்லையே, என்று நினைத்தேன். எனக்குத்தான் எத்தனை திமிர்.

3.20. நானே போனேன். கிணற்றுப் பக்கம் நின்று கையைத் தூக்கினேன். திரும்பி அறைக்கு ஓடிவந்தேன். இருபது நொடி ஆனது. தேவியக்கா அறை வாசலில் நின்றிருந்தாள்.

திரையில் நான் இன்னும் வரவே இல்லை.

இருபத்தைந்து... முப்பது... முப்பத்தொன்றாவது நொடியில் வந்தேன். என்னை நானே பார்த்தேன். கையைத் தூக்கினேன்.

எனக்குப் பின்னால் இன்னொரு கையும் உயர்ந்தது.

ஒயர் இணைப்பு கெட்டிருந்தால் படம் இரட்டையாகத் தெரியும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏணி போட்டு ஏறி, கேமராவின் இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டேன்.

3.41. மறுபடி நின்றேன். கை தூக்கினேன். ஓடிவந்தேன்.

இந்த முறை ஐம்பத்திரண்டு நொடி.

படம் இரட்டையாக இல்லை. நான் வலது கையைத் தூக்கியிருந்தேன். பின்னால் தூக்கியிருந்தது இடது கை. நனைந்த சேலை. முகத்தை என் தோள் மறைத்திருந்தது. கட்டை விரல் மட்டும் கறுப்பாக... இல்லை, நீலமாக.

திரையில் நான் ஓடினேன்.

அவள் கையை இறக்கவில்லை.

நான் ஓடிய திசைக்கு மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"தெரியுதா?" என்றாள் தேவியக்கா.

திரும்பினேன். அவள் வாசலில் இல்லை. முன்பக்கம் அவள் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. கையெழுத்தை நினைத்து நான் அங்கேயே உட்கார்ந்து, செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

சரியாக 4.00. மின்வெட்டு. அந்த வருடம் தினமும் அந்த நேரத்துக்குத்தான் கரண்டைப் பிடுங்குவார்கள். மின்விசிறி நின்றது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்... கம்ப்யூட்டரும் பதிவுப் பெட்டியும் அதில் ஓடும். கேமராக்கள் ஓடாது. அவற்றுக்கு நேர் கரண்ட்.

ஒன்று, இரண்டு, மூன்று... கட்டங்கள் அணைந்தன.

நாலாவது அணையவில்லை.

மேல் மூலையில் தேதி. நாலு கட்டத்துக்கும் தேதி போடுவது ஒரே பெட்டி, ஒரே கடிகாரம். ஆனாலும் அதில் இருந்தது: 14-05-1996.

கிணற்றின் மேல் வலை இல்லை. பூட்டு இல்லை.

கிணற்றுச் சுவர் நனைந்திருந்தது. அவளைக் காணோம்.

கல் தரையில் ஓர் ஈரத் தடம் விழுந்தது. ஆள் இல்லை. தடம் மட்டும். நிமிடத்துக்கு ஒன்று.

இன்னொன்று.

இன்னொன்று... பின்கட்டுக் கதவை நோக்கி.

பீப்... பீப்...

சொத்.

அது திரையில் வந்த சத்தம் இல்லை. கேமராவுக்குச் சத்தம் கிடையாது.

சொத்...

பாசி நாற்றம்.

மேஜையில் சர்வீஸ் புத்தகம் தானாகப் புரண்டது. ஒரு தாள். இரண்டு தாள்.

மின்விசிறி ஓடவில்லை...

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். முன்வாசல் வழியாகவே ஓடினேன்.

"ஏய்! அந்த வழியாவா போற? நாலாவது ஓடுதா? ஓடலன்னா கையெழுத்து கெடையாது!"

"ஓடுது. நீங்களே எழுந்து போய்ப் பாருங்க."

நாற்பது ஏக்கர்க்காரர் எழுந்திருக்கவில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. மணி 4.19.

பஸ்ஸில் அழுதேன். பயத்தில் இல்லை. கையெழுத்து இல்லை, சர்டிபிகேட் இல்லை, நாளை இல்லை. 6.35-க்குக் கடைக்குப் போய்ப் புத்தகத்தை நீட்டினேன். பஞ்சாட்சரம் புரட்டினார்.

"இன்னாமா இது? வேதாசலம் கைநாட்டு வெச்சிகிறாரு?"

வாடிக்கையாளர் கையொப்பம் என்ற இடத்தில் ஒரு கட்டை விரல் ரேகை. நீல மை. ஈரம் காயவில்லை.

அவர் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார். மூன்று பேரை அனுப்பியவருக்குக் கேட்க என்ன இருக்கிறது? சர்டிபிகேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, புத்தகத்தை விரல் நுனியால் மூடினார். கோழை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அது சொக்கம்மாடி. காவாந்தண்டலம் காலனி, எனக்கு ஒறவு. ஏரிக்கரையாண்ட ஒண்ணரை ஏக்கர் வெச்சிருந்தா. எலெக்சன் முடிஞ்ச கையோட, தொண்ணூத்தாறுல, வேதாசலம் ஆளு வுட்டு கூப்ட்டான். பின்பக்கமாத்தான். அடிச்சி, நெலப் பத்திரத்துல கைநாட்டு வாங்கிக்கினானுங்க. காலையில கெணத்துல மெதந்தா. ராத்திரி பூரா தண்ணியில கெடந்தும் இடது கட்டவெரல் மை போவலடி. நாந்தான் குளுப்பாட்டனேன்."

மறுநாள் சரிபார்ப்பு முடிந்தது. வேலையும் கிடைத்தது. இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஜூலையில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தேவியக்காவைப் பார்த்தேன். அந்த வீட்டு வேலையை விட்டுவிட்டாளாம்.

"ஏரிக்கர நெலத்த விக்கறேன்னு பெரியவரு பத்திரத்த எடுத்தாரும்மா. முத்திரை கீது, சாட்சிங்க கையெழுத்து கீது. சொக்கம்மா கைநாட்டு இருந்த எடம் மட்டும் வெள்ளையா கீது. தையில பாத்தப்ப இருந்திச்சாம்."

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவள் திரும்பினாள்.

"உங்க கடைக்கு தெனம் போன் போட்டுக்கினு கீறாரு. நீ சரி பண்ணிட்டுப் போனதுலேந்து நாலாவது கேமரா ஒரு நொடி கூட லேட்டு இல்லாம ஓடுதாம். அத்த நிறுத்தச் சொல்லிக் கேக்கறாரு."

"ஒயரைப் புடுங்கிட்டா நிக்குமே?"

"மே மாசமே புடுங்கிட்டாங்கம்மா."