பனி விலகும் வரை காத்திருக்கவும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மின்சாரமே இல்லாத ஒரு லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து மின்சாரம் படித்தவள் நான். கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான். குப்பி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடைகளைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைத்துக்கொண்டிருப்பேன். கணக்கில் பல்பு எரியும். வீட்டில் புகை அடித்துக் கண் எரியும்.

காந்தப் புலத்தில் வைத்த, மின்னோட்டம் பாயும் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று அறிய இடக்கை விதி என்று ஒன்று உண்டு. அதற்காக மூன்று விரல்களை மூன்று பக்கமும் விறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தால், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

“என்னா புள்ள, கையில சுளுக்கா?”

“படிக்கிறேம்மா.”

“படிக்கிறதுக்கு வாய்தான வேணும், வெரலு எதுக்கு?”

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில். பாடசாலை பதுளையில். நடுவில் ஒரு பஸ், அது வந்தால் வந்ததுதான். பல்கலைக்கழகத்துக்கான உயர்தரப் பரீட்சையை ஒரு தடவை எழுதி, பௌதிகவியலில் கோட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தடவைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்த அம்மாவுக்கு அந்த வருடம் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. மலையில் ஏறுவாள், இறங்கும்போதுதான் முகம் கோணும். கங்காணி ஒரு நாள் எங்கள் வாசலுக்கே வந்தார்.

“ஒன்னால முடியலன்னா மக பேரப் பதிஞ்சிரு தங்கச்சி. வீட்டுக்கு ஒரு ஆளாவது வேலைக்கு நிக்கணும். இல்லாட்டி தொரை காம்பராவ வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாரு. அப்புறம் நான் சொல்லி ஒண்ணும் நடக்காது.”

“பரீட்ச முடிஞ்சு ரிசல்ட்டு வரட்டும்ணே,” என்றாள் அம்மா.

ஆக, விஷயம் எனக்குத் தெளிவாகவே இருந்தது. பெயிலானால் மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும் இடத்தில், நானும் கூடையோடு நிற்க வேண்டும். பாஸானால் தப்பித்தேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்க எங்கே நேரம்? பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தேன்.

பௌதிகவியல் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலம், ஊருக்கு நினைத்தபடி போக வழியில்லை. பதுளையில் ஒரு அறையில் தனியாக இருந்தார். அவரும் களைத்துத்தான் வருவார். ஆய்வுகூடம் என்பது ஓர் அலுமாரி. அதற்குள் இருந்த கல்வனோமானியில் மின்னோட்டத்தைக் காட்ட வேண்டிய முள் எந்தப் பக்கமும் அசையாது. “முள் வலப்பக்கம் ஆடினது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ,” என்பார். நாங்களும் நினைத்துக்கொண்டு, அதைப் படம் வரைந்து எழுதிக்கொள்வோம்.

உருப்படியாக இருந்தது ஒரு குவிவு வில்லை மட்டும்தான். அதன் குவியத் தூரத்தை அண்ணளவாகக் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. தூரத்தில் உள்ள ஒரு பொருளின் விம்பத்தை வெள்ளைக் கடதாசியில் தெளிவாக விழச் செய்து, வில்லைக்கும் கடதாசிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். எங்களுக்குத் தூரத்துப் பொருள் என்றால் விறாந்தையிலிருந்து தெரியும் நமுனுகுல மலை. தெரிந்தால்தானே?

“பொறுங்கோ பிள்ளையள், பனி விலகட்டும்.”

சேர் வில்லையோடு நிற்பார், நாங்கள் கடதாசியோடு நிற்போம். மணி அடிக்கும். அடுத்த பாடத்துக்கு ஓடுவோம். அடுத்த கிழமையும் அதே கூத்து. இப்படியே இழுபட்டு ஒரு நாள் மலை வெளித்தது. கடதாசியில் அது தலைகீழாக விழுந்தது, பச்சை நிறத்தோடு, என் உள்ளங்கையை விடச் சிறிதாக. எல்லோரும் அளப்பதற்கு அடிமட்டத்தைத் தேடினார்கள். நான் எங்கள் லயத்தைத் தேடினேன்.

“என்ன பிள்ளை பார்க்கிறீர்?”

“எங்க வீடு தெரியுதான்னு பாக்குறேன் சேர். அம்மா இந்நேரம் மலையில நிப்பாங்க.”

“அதெல்லாம் இதுக்குள்ள தெரியாது,” என்றார், கொஞ்சம் தணிந்த குரலில்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. குவியத் தூரத்தை அண்ணளவாகக் காணும் முறையைப் படிப்படியாக எழுதுக. முதலாவது படி என்று போட்டு, ‘பனி விலகும் வரை காத்திருக்கவும்’ என்று எழுதினேன். பகிடிக்கு எழுதவில்லை. நான் கண்ட செய்முறை அப்படித்தான் தொடங்கியது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

மறுநாள் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“திருத்துறவனுக்கு என்ன விளங்கப்போகுது? அதுக்குப் புள்ளி தரமாட்டான். வெட்டவும் மாட்டான். போய் நித்திரை கொள்ளும், பிள்ளை.”

பெறுபேறு வந்தது. சாதாரண சித்தி, அதாவது வெறும் பாஸ். பல்கலைக்கழகத்துக்குப் பத்தாது, தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கப் போதும். நியமனம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கென்ன, தப்பித்தேன். பஸ்ஸை விட்டிறங்கி ஏற்றத்தில் மூச்சு வாங்க ஓடினேன்.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பாஸு.”

உப்பு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. “அப்பாடா. எம்புள்ள கூடை தூக்க வேணாம்,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூலையில் சுருட்டி வைத்திருந்த படங்கை எடுத்து மடியில் விரித்தாள். கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு அது. ஒரு பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தது.

“அத எதுக்கும்மா இப்ப எடுக்கிற?”

“கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஒம்பேரு பதிஞ்சிட்டா நான் வேலைய விட்டு நின்னுக்கலாமேன்னு தைக்காமப் போட்டு வச்சிருந்தேன்.” குறையாகச் சொல்லவில்லை, நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். “இனி ஒனக்கு வேல வர்ற வரைக்கும் நான்தான ஏறணும். காம்பரா வேணும்ல.”

அவள் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூல் கோக்கப் பார்த்தாள். கண்ணுக்குப் பிடிபடவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன்.