தொட்டிக்கு மூன்று நாள் விடுப்பு

2004ஆம் ஆண்டு மழைக்காலத்தில்தான் கல்லூரி விடுதியின் சமையற்கார அம்மாள் தொட்டிக்காரரை முதன்முதலாகச் சந்தித்தார். சமையலறைக்குப் பின்புறம் புதிதாகக் கட்டிய எரிவாயுத் தொட்டியைப் பராமரிக்க வந்தவர் அவர். காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் கரைத்து ஊற்றினால், அது அடுப்புக்கு வாயு தரும். கொட்டுகிற மழையில், குடையைத் தமக்குப் பிடிக்காமல் தொட்டியின் வாய்க்குப் பிடித்தபடி நின்றவரைக் கண்டதும், 'இது தேறாத கேஸ்' என்று அம்மாள் முடிவு கட்டிவிட்டார்.

தொட்டிக்காரருக்கு அது தொட்டியன்று. வீட்டோடு மாப்பிள்ளை. "இன்னிக்கு மாப்பிள்ளைக்குப் பசியே இல்லக்கா," என்று முகம் வாடுவார். குமிழ் எழும்பினால், "ஏப்பம் விட்டுட்டாரு!" என்று பூரித்துப்போவார். ஆனால், நாளுக்கு இரண்டு வாளிதான். அதற்குமேல் ஒரு கரண்டிகூடக் கிடையாது.

அந்தக் கண்டிப்புதான் அம்மாளின் மனத்தை உறுத்தியது. தொட்டி கட்டிய ஆறாம் மாதம் கல்லூரி முதல்வர் பார்வையிட வருவதாக இருந்தது. தொட்டியின் வாயுவில் நாற்பது பேருக்குச் சமையல் ஆகாவிட்டால், தொட்டியை மூடிவிட்டுத் தொட்டிக்காரரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நல்ல நாளும் அதுவுமாக மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டுமே என்று, முதல் நாள் மாலை, தொட்டிக்காரர் கண்ணில் படாமல், அழுகிய அன்னாசி இரண்டு கூடையும் பழைய சோறு ஓர் அண்டாவும் வாரிக் கொட்டினார் அம்மாள்.

காலையில் தொட்டி நுரை கக்கியது. வாயு வந்ததென்னவோ உண்மை. நீட்டிய தீக்குச்சியைத்தான் அது ஊதி அணைத்தது.

"அக்கா, மாப்பிள்ளைக்கு என்ன போட்டீங்க?"

"கொஞ்சம்... ஒரு பாசத்துல..."

"பாசமா? மனுசன் புளிச்சே போயிட்டாரு! சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி மூணு நாள் பட்டினி போடணும்."

அதற்குள் முதல்வர் வாசலுக்கே வந்துவிட்டார். தொட்டிக்காரர் ஒரு தாளில் பரபரவென எழுதி நீட்டினார்: 'வயிற்று உபாதை காரணமாகத் தொட்டிக்கு மூன்று நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

முறைப்படி எழுதிய விடுப்புக் கடிதத்தை வாழ்நாளில் மறுத்தே அறியாதவர் முதல்வர். மூக்குக்கண்ணாடியை இருமுறை துடைத்துப் போட்டுக்கொண்டு, "மருத்துவச் சான்று எங்கய்யா?" என்றார்.

"நான்தாங்க சார் டாக்டர்."

கையொப்பம் விழுந்தது. நான்காம் நாள் அடுப்பில் நீலச்சுடர் நின்று எரிந்தது. நாற்பது பேரும் உண்டனர். தொட்டியும் பிழைத்தது, வேலையும் பிழைத்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்துத் தொட்டிக்காரர் ஓய்வு பெற்றபோது, சுவர்க்கடிகாரம் வாங்கிவைத்திருந்தார்கள். அவரோ, தம் வீட்டில் கட்டிய சின்னத் தொட்டிக்கு, பாலுக்கு மோர்போல, உறையூற்ற இந்தத் தொட்டியிலிருந்து ஒரு வாளிக் கரைசல் போதும் என்றுவிட்டார். அம்மாளே மொண்டு கொடுத்தார். பேருந்து நிறுத்தம்வரை போனவர், வாளியும் கையுமாகத் திரும்பி வந்தார்.

"அக்கா, இறுக்கமா ஒரு மூடி இருக்குமா? கண்டக்டர் ஏத்த மாட்டேங்கிறாரு."