பிரசவத்துக்கு வந்த அதிபர்

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், தொலைபேசி எடுக்கவும் கடிதம் அடிக்கவும் ஆட்கள் வரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வீடு கொட்டாஞ்சேனையில். சிங்களமும் தட்டச்சும் தெரியும் என்பதால் எடுத்தார்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்குபவர்கள், தாங்கள் ஏன் கொழும்பில் இருக்கிறோம் என்று பொலிசுக்குச் சிங்களத்தில் கடிதம் கொடுக்க வேண்டும். அவற்றை அடித்து அலுத்துப்போய் ஒரு மேக்ரோ எழுதினேன். கடிதம் அடிக்கும் மென்பொருளுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டு ஓடும் குட்டி நிரல் அது. பெயர், ஊர், லொட்ஜ் எல்லாம் கேட்கும். பிறகு காரணத்துக்கு ஓர் இலக்கம்: வெளிநாட்டுப் பயணம் ஒன்று, வைத்தியம் இரண்டு, படிப்பு மூன்று, பிரசவம் நான்கு. ஒரு தமிழர் கொழும்புக்கு வர வேறு காரணம் இருக்கலாம் என்று பொலிசுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அரை நிமிடத்தில் கடிதம் வந்து விழும். என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தீவிலேயே இல்லை என்ற நினைப்பில் இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை முதல் ஆளாக நிறைமாதப் பெண்ணொருத்தி வந்து போனாள். அடுத்து ஒரே லொட்ஜிலிருந்து பதினொரு ஆண்கள். எல்லோரும் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். ஒன்றும் போடாவிட்டால் 'ஒன்று' என்றே எடுத்துக்கொள்ளும் என்று நம்பி, இலக்கத்தை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே போனேன். என் மேக்ரோவோ முன்னால் வந்தவரின் காரணத்தையே பிடித்துக்கொண்டது. சிங்களம் வாசிக்கத் தெரியாத பதினொரு பேரும் பிரசவத்துக்காகத் தங்கியிருப்பதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் பதினொன்றுக்கும் முத்திரை குத்தினார்.

பத்து நாள் கழித்து லொட்ஜைச் சோதிக்க வந்த ஓர் இளம் அதிகாரிதான் கடிதத்தை முதன்முதலாக வாசித்தவர். அந்தப் பதினொருவரில் ஒருவரான ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரின் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாதம் என்று கேட்டாராம். லொட்ஜே சிரித்ததாம்.

மறுநாள் காலை அதிபர் கடைக்கு வந்தார். சீல் குத்தியாயிற்று, இனி என்ன என்றார் முதலாளி. எனக்கு மனம் கேட்கவில்லை. புதுக் கடிதத்தோடு அவரைப் பொலிசுக்குக் கூட்டிப்போனேன். சார்ஜன்ட் சிரிக்கவே இல்லை. ஒருவருக்கு ஒரு காரணம்தான் என்றார். இரண்டாவது உண்மையென்றால் முதலாவது பொய். பொய் சொன்னவரைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டிவரும், அது தனக்கும் வேலை என்று விளக்கினார். பழைய கடிதமே இருக்கட்டும் என்று வெளியே வந்தோம்.

பஸ் தரிப்பிடத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

"உம்மைக் குறை சொல்லேல்ல, பிள்ளை," என்றார். "முப்பது வருஷமா வாசிக்காமல் ஒண்டுக்கும் கையெழுத்து வைக்கக் கூடாதெண்டு படிப்பிச்சனான். இஞ்ச வந்து என்ன எழுதியிருக்கெண்டே தெரியாத கடுதாசியில நானே வைச்சிட்டன்."



நாலு மாதத்தில் அவருக்கு விசா வந்தது. அதுவரை சோதனைச் சாவடிகளில் அந்தக் கடிதத்தைத்தான் காட்டினார். முத்திரையைப் பார்த்துவிட்டு எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் மேக்ரோவைத் திருத்தி, ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு தமிழ்ப் பிரதியும் வரும்படி செய்தேன். தாள் வீண் என்று முதலாளி முறைத்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரும்பாலானோர் அதையும் வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே என்றுதான் கேட்டார்கள்.